வருமான மேலாண்மைக் கொள்கையை மாற்றுமுன் மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி: ஆஸ்திரேலியாவை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

அரசு தரும் உதவித்தொகையில் ஒரு பகுதியை மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் செலவிட முடியாதபடி பூட்டி, ஒரு கார்டில் போட்டுத் தருவதுதான் வருமான மேலாண்மை. ஆஸ்திரேலியாவில் இது 2007-இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூன் 21 அன்று பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு, நாட்டின் வடக்கே உள்ள ஆட்சிப்பகுதியான நார்தர்ன் டெரிட்டரியில் அவசரத் தலையீட்டை அறிவித்தது. 73 பழங்குடிக் குடியிருப்புகளில் உதவித்தொகையின் பாதி முடக்கப்பட்டது. அதற்கு வழிவிட 1975-ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அந்த நடவடிக்கைகளுக்குப் பொருந்தாது என்று ஆக்கினார்கள். யாரிடமும் முன்கூட்டிக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, பூட்டிய பணத்தைச் செலவிடுவதற்கான பேசிக்ஸ் கார்டு வந்தது. 2016-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் சிடூனாவிலும் பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்கு கிம்பர்லியிலும் 80 சதவீதத்தைப் பூட்டும் கேஷ்லெஸ் டெபிட் கார்டு வந்தது. 2023 மார்ச் 6 அன்று அது முடிவுக்கு வந்தது. அதே நாளில் மேம்படுத்தப்பட்ட வருமான மேலாண்மை என்ற பெயரில் ஸ்மார்ட்கார்டு தொடங்கியது.

இத்தனை மாற்றங்களைக் கண்ட மக்களிடம் மறுபடியும் போய் ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்கப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. அரசுத் துறையினருக்கும், துறை சார்பில் போகும் தொண்டு நிறுவனத்தாருக்கும், துறை செய்வதைக் கண்காணிக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் பயன்படும்.

படி 1: இன்னும் எது மாறக்கூடியது என்று எழுதிவையுங்கள்

கருத்துக்கேட்பு, கூட்டத்தில் கெடுவது குறைவு. பெரும்பாலும் அது கூட்டத்துக்கு முன்பே, முடிவு எடுக்கப்பட்ட நேரத்தில் கெட்டுவிடுகிறது. ஆகவே முதல் வேலை ஊருக்குப் போவதல்ல, அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் போடுவது. அதில் இருக்க வேண்டியவை: யார் திட்டத்துக்குள் வருவார்கள், எத்தனை சதவீதம் பூட்டப்படும், எந்தெந்த உதவித்தொகைகள், எந்தப் பொருட்களுக்குத் தடை, விலக்கு பெறும் வழி, வெளியேறும் வழி, எந்தப் பகுதிகள், தனி ஒருவர் விஷயத்தில் முடிவெடுப்பது யார், கார்டின் தொழில்நுட்பம், துணைச் சேவைகள், தொடங்கும் தேதி.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று தகவல்கள் வேண்டும்: முடிவாகிவிட்டதா இல்லை திறந்திருக்கிறதா; முடிவெடுப்பவர் அமைச்சரா, நாடாளுமன்றமா, துறையா; எந்தத் தேதிக்குள் முடிவாகும். இந்தப் பக்கத்தில் அமைச்சர் அலுவலகத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். ‘திறந்திருக்கிறது’ என்ற பத்தியில் ஒன்றுமே இல்லையென்றால் நீங்கள் செய்யப்போவது தகவல் கூட்டம். அதைத் தகவல் கூட்டம் என்றே சொல்லி நடத்துங்கள், அதில் தவறில்லை. கருத்துக்கேட்பு என்று பெயர் சூட்டினால்தான் கண்துடைப்பு.

இந்தப் பக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009 நல்ல உதாரணம். தலையீட்டின் எதிர்காலம் பற்றி நார்தர்ன் டெரிட்டரி முழுவதும் கூட்டங்கள் நடந்தன. நவம்பரில் அரசு அறிவித்ததோ பழங்குடிக் குடியிருப்பு என்ற எல்லையை விட்டு, டெரிட்டரி முழுவதற்குமான, உதவித்தொகை வகையையும் வயதையும் காலத்தையும் வைத்து ஆளைச் சேர்க்கும் வேறொரு அமைப்பு. 2010-இல் அது நடைமுறைக்கு வந்தது. அப்படி மாறியதற்கு இனப் பாகுபாட்டுச் சட்டத்தை மீண்டும் பொருந்தச் செய்யும் தேவை இருந்தது, காரணம் நியாயமானதே. ஆனால் கூட்டத்தில் பேசியவர்கள் அந்த வடிவத்தைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்கள் அல்ல. பேசியது ஒன்று, வந்தது ஒன்று என்ற பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. முன்மொழிவு நடுவழியில் மாறினால் விதி எளியது: புதிய வடிவத்தோடு திரும்பப் போக வேண்டும்.

படி 2: சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை

இதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். துணைச் சட்டம் அல்லது அறிவிக்கை மூலம் மாற்றுவதானால், 2003-ஆம் ஆண்டுச் சட்டமியற்றல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தகுந்த கருத்துக்கேட்பு நடந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. விளக்க அறிக்கையில் அதை விவரிக்கவும் வேண்டும். நடக்காவிட்டாலும் அதனாலேயே அறிவிக்கை செல்லாததாகிவிடாது. மசோதாவானால் 2011-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின்படி மனித உரிமைப் பொருத்த அறிக்கை இணைக்க வேண்டும், அதை நாடாளுமன்றக் கூட்டுக் குழு ஆராயும். குயின்ஸ்லாந்தின் பாம் தீவில் இருந்த மதுக் கட்டுப்பாடு பற்றிய 2013-ஆம் ஆண்டு மலோனி வழக்கில், ஒரு சட்டத்தைச் சிறப்பு நடவடிக்கை (ஓர் இனத்தாரின் நலனுக்காக இனப் பாகுபாட்டுச் சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்கு) என்று ஏற்கக் கருத்துக்கேட்பு கட்டாய முன்நிபந்தனை அல்ல என்ற நிலையை நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் எடுத்தது.

ஆக, சட்டம் வைக்கும் தடை உயரம் குறைவு. ஆனால் 2009-இல் ஆஸ்திரேலியா ஆதரவு தெரிவித்த ஐ.நா. பழங்குடி உரிமைப் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு, கட்டாயமற்ற, முன்கூட்டிய, விவரம் அறிந்த சம்மதத்தைக் கோருகிறது. பழங்குடியினருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வாழ்க்கை நிலை வேறுபாட்டைக் குறைப்பதற்கான, 2020 ஜூலையின் தேசிய இடைவெளி குறைப்பு உடன்பாடு, முடிவெடுப்பதையே பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது. உங்கள் வேலையை நாளை அளப்பவர்கள் இந்த இரண்டையும் வைத்தே அளப்பார்கள். நீதிமன்றத்தில் தப்பித்தால் போதும் என்று திட்டமிடாதீர்கள்.

படி 3: யாரிடம் கேட்பது

மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. நேரமில்லாத அதிகாரி ஊர்த் தலைவர்கள் நாலு பேரைப் பார்ப்பார், அவர்கள் சரி என்பார்கள், அறிக்கையில் ‘சமூகம் ஆதரிக்கிறது’ என்று ஏறிவிடும். சிடூனாவிலும் கிழக்கு கிம்பர்லியிலும் கேஷ்லெஸ் கார்டு உள்ளூர்த் தலைவர்கள் சிலரின் ஆதரவைச் சொல்லித்தான் கொண்டுவரப்பட்டது. கிம்பர்லியில் ஆதரித்தவர்களில் ஒருவர் அடுத்த ஆண்டே வெளிப்படையாக ஆதரவை விலக்கிக்கொண்டார். தலைவரின் சம்மதம் தேவைதான். ஆனால் கார்டைப் பையில் வைத்திருப்பவரின் சம்மதத்துக்கு அது ஈடாகாது.

குறைந்தது இந்தக் குழுக்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள்: இப்போது கார்டு வைத்திருப்பவர்கள்; விலக்குக் கேட்டு மறுக்கப்பட்டவர்கள்; தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள்; பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டிகள்; 15 முதல் 24 வயதுக்காரர்கள்; நகர ஓரக் குடியிருப்புகளில் தங்கியிருப்பவர்கள்; ஊர்க் கடை நடத்துபவர்கள்; பழங்குடி மருத்துவ நிலைய ஊழியர்கள். இளைஞர்களைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நார்தர்ன் டெரிட்டரி விதிப்படி அந்த வயதில் 26 வாரங்களில் 13 வாரத்துக்கு மேல் உதவித்தொகை வாங்கினாலே ஆள் திட்டத்துக்குள் வந்துவிடுகிறார். 25-ஐத் தாண்டியவருக்கு 104 வாரங்களில் 52 வாரத்துக்கு மேல் என்பது கணக்கு. விதி இறுக்கமாகப் பிடிப்பது இளைஞர்களை. கூட்டத்துக்கு வராதவர்களும் அவர்களே. கூடைப்பந்து மைதானத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

விலக்கு மறுக்கப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது கடினம். உதவித்தொகை வழங்கும் அரசு அமைப்பான சென்டர்லிங்க் பட்டியலை உங்களிடம் தராது, தரவும் கூடாது. சென்டர்லிங்க் மூலமே அழைப்பு அனுப்பச் சொல்லலாம். சட்ட உதவி மையங்களும் நிதி ஆலோசகர்களும் அதைவிட வேகமாக உதவுவார்கள்.

கார்டு உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவைத் தொடக்கத்திலிருந்தே குறித்துவாருங்கள். சிறு ஊர்களில் கார்டு இல்லாத, சம்பளம் வாங்குகிறவர்கள் கூட்டத்தில் நன்றாகப் பேசுவார்கள். இரண்டையும் கலந்து எண்ணினால் அடுத்தவர் பணத்தைப் பூட்டுவதற்கான ஆதரவை அளந்திருப்பீர்கள்.

படி 4: நாள், அனுமதி, மொழிபெயர்ப்பாளர்

பழங்குடி நிலத்துக்குள் போக 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். பழங்குடி நில உரிமையாளர்களின் சார்பில் செயல்படும் நிலக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கும்போதே எந்த நாள் உகந்தது என்றும் கேளுங்கள். டெரிட்டரியின் வடபகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை மழைக்காலம், சாலைகள் மூழ்கும். மே முதல் செப்டம்பர்வரை பயணம் எளிது, ஆனால் சடங்குகளும் விழாக்களும் நடப்பது அப்போதுதான். ஊரில் சாவு விழுந்தால் கூட்டம் கிடையாது, அது எத்தனை நாளோ அத்தனை நாள் காத்திருக்க வேண்டும். விமான டிக்கெட் போட்டாயிற்று என்று சொல்லிக்கொண்டு துக்க ஊரில் போய் நின்றவரை அந்த வட்டாரம் மறக்காது. பயணத் திட்டத்தில் மாற்று வாரங்களுக்கும் பணம் ஒதுக்குங்கள். உதவித்தொகை வரும் நாளில் கூட்டம் வைக்காதீர்கள். எல்லோரும் கடையில் இருப்பார்கள்.

ஒவ்வோர் ஊருக்கும் மூன்று பயணங்கள் என்பது குறைந்தபட்சம். முதலில் விளக்க, மூன்று நான்கு வாரம் கழித்துக் கேட்க, பிறகு கேட்டதை என்ன செய்தோம் என்று சொல்ல. மக்கள் தமக்குள் பேசி முடிவுக்கு வர அந்த இடைவெளி அவசியம். விளக்கமும் கேள்வியும் ஒரே பிற்பகலில் முடிந்தால் கிடைப்பது முதல் எதிர்வினை மட்டுமே. முழுச் சுற்றுக்கும் ஆறு முதல் ஒன்பது மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

நார்தர்ன் டெரிட்டரி அரசின் பழங்குடி மொழிபெயர்ப்புச் சேவை 2000 முதல் இயங்குகிறது. வால்பிரி, யோல்ங்கு மாத்தா, அரெர்ன்டே, முரின்பதா, கிரியோல் என்று எந்த மொழிக்கு ஆள் வேண்டும் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டபின் பதிவு செய்யுங்கள். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இருவர் வேண்டும். உறவுமுறை விதிப்படி சிலர் சிலரோடு நேரில் பேசக்கூடாது; மொழிபெயர்ப்பாளர் அந்த உறவில் இருந்தால் அவர் வழியாகப் பேச்சு போகாது. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அதை வெளியே சொல்லாமல் மௌனமாக எழுந்து போவார்கள்.

கூட்டத்துக்கு முன் மொழிபெயர்ப்பாளரோடு ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். ‘விலக்கு’, ‘கட்டாயம்’, ‘சோதனை முயற்சி’ போன்றவற்றை அவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று கேட்டு, அதைத் திரும்ப ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். சதவீதத்தை வாயால் விளக்காதீர்கள். 20 டாலர் போலித் தாள்கள் நாற்பது அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் பரப்புங்கள். அது இரண்டு வாரத்துக்கு 800 டாலர். 50 சதவீதம் என்றால் 20 தாள் இந்தப் பக்கம், 20 அந்தப் பக்கம். குழந்தைப் பாதுகாப்புப் பிரிவில் வருபவருக்கான 70 சதவீதம் என்றால் கையில் நிற்பது 12 தாள். 80 என்றால் எட்டு. கூட்டத்தில் உண்மையான பேச்சு தொடங்குவது பெரும்பாலும் அந்த எட்டுத் தாளைப் பார்த்தபிறகுதான்.

படி 5: கேள்விகள்

‘குழந்தைகள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறீர்களா?’ இதற்கு யார் இல்லை என்பார்? பிறகு அந்த ஆமாம் கார்டுக்கான ஆதரவாக அறிக்கையில் ஏறும். இன்னொரு சிக்கலும் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர் ஆமாம்-இல்லை என்று பதில் வரும்படி கேட்டால், மரியாதைக்காகவோ விட்டால் போதும் என்றோ ஆமாம் சொல்லிவிடுவது அங்கே வழக்கம். நார்தர்ன் டெரிட்டரி உச்ச நீதிமன்றம் 1976-இலேயே அனுங்கா வழக்கில் காவல்துறைக்கு இதைச் சொல்லி, விடையை உள்ளே வைத்துக் கேட்காதீர்கள் என்று வழிகாட்டு நெறிகள் வகுத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அரசுப் படிவங்கள் ஆமாம்-இல்லை கட்டத்தோடுதான் வருகின்றன.

நடந்ததைக் கேளுங்கள். போன மாதம் கார்டு எங்கே செல்லவில்லை? அப்போது என்ன செய்தீர்கள்? இருப்பு எவ்வளவு என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? நெட்வொர்க் போன நாளில் எப்படி வாங்கினீர்கள்? பழைய வாஷிங் மெஷினைப் பக்கத்து வீட்டில் வாங்குவது, விடுதியில் படிக்கும் பிள்ளைக்குக் கைச்செலவு அனுப்புவது, வேட்டைக்குப் போக வண்டிக்கு எண்ணெய் ஊற்றுவது, முன்கட்டண மின்சாரம் தீர்ந்த இரவு: இந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கேட்டாலே ஒரு மணி நேரம் போதாது. பேசிக்ஸ் கார்டு ஒப்புதல் பெற்ற கடைகளில் மட்டுமே செல்லும், ஸ்மார்ட்கார்டு அதைவிடப் பரவலாகவும் இணையத்திலும் செல்லும். ஆகவே யார் எந்தக் கார்டைப் பற்றிப் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளாவிட்டால் குறிப்புகள் குழம்பிவிடும்.

பிறகு ‘என்ன வேண்டும்’ என்ற கேள்விகள். தாமாக விரும்பினால் மட்டும் சேரலாம் என்றால் நீங்கள் இருப்பீர்களா? எத்தனை தாள் பூட்டலாம்? வெளியேற என்ன காட்ட வேண்டும், யாரிடம்? ஒருவரைச் சேர்ப்பதை யார் முடிவு செய்யலாம்? கடைசிக் கேள்விக்கு ஓர் உதாரணம் கையில் இருக்கட்டும். குயின்ஸ்லாந்தின் கேப் யார்க்கில் 2008 முதல் குடும்பப் பொறுப்பு ஆணையம் இயங்குகிறது. அருகுன், கோயன், ஹோப்வேல், மாஸ்மன் ஜார்ஜ் ஆகிய நான்கு ஊர்களில் தொடங்கியது. ஊர்ப் பெரியவர்களே ஆணையர்களாக உட்கார்ந்து ஆளை அழைத்துப் பேசி, வேறு வழி பலிக்காதபோது 60, 75 அல்லது 90 சதவீதம் பூட்ட உத்தரவிடலாம். அதற்கும் விமர்சனங்கள் உண்டு. ஆனால் கணினி விதி ஒன்று ஊரையே வளைப்பதற்கும், தெரிந்த முகங்கள் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னால்தான், இது மாறக்கூடிய ஒன்று என்பதே பலருக்குத் தெரியவரும்.

ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் வரும், வர வேண்டும். கார்டு இருந்தால் சொந்தக்காரர்கள் காசு கேட்டு நச்சரிப்பது குறைகிறது என்று வயதான பெண்கள் சிலர் சொல்வார்கள். அதே ஊரில் கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்தே பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று இன்னொருவர் சொல்வார். நாற்பது வருடம் உழைத்தவன் கடையில் கார்டு நீட்டித் தலைகுனிய வேண்டியிருக்கிறது என்பார் மூன்றாமவர். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து ‘கலவையான கருத்து’ என்று எழுதிவிடாதீர்கள். முதலாமவருக்கு வேண்டியது விருப்பத் திட்டத்தில் கிடைத்துவிடும். மற்ற இருவரையும் அதற்காகக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. கொள்கை வடிவமே இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

படி 6: கூட்டம்

ஊர்க் கூட்டம் ஒன்று வையுங்கள், அறிவிப்பதற்கு மட்டும். கேட்பதெல்லாம் எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களில். பெண்கள் தனி, ஆண்கள் தனி. காவலரோ குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியோ அறையில் இருக்கக் கூடாது. கார்டை எதிர்த்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்ற பயம் உண்மையானது. பெயர் எழுதமாட்டோம் என்று தொடக்கத்திலேயே சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். சம்மதம் பெற்று ஒலிப்பதிவு செய்தால், மொழிபெயர்ப்பைப் பிறகு வேறொருவர் சரிபார்க்க முடியும்.

சாப்பாடு போடுங்கள். நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். ஆனால் அந்தத் தொகை வருமானமாகக் கணக்கிடப்பட்டு உதவித்தொகை குறையுமா என்பதை முன்கூட்டியே சென்டர்லிங்கிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, கூட்டத்தில் சொல்லுங்கள்.

கையில் உள்ள ஆதாரத்தையும் மறைக்காமல் வையுங்கள். நார்தர்ன் டெரிட்டரி திட்டத்தை ஆராய்ந்து 2014-இல் வந்த இறுதி மதிப்பீடு, திட்டத்தின் முக்கிய நோக்கங்கள் நிறைவேறியதற்கு வலுவான சான்று இல்லை என்றது. திட்டத்தில் இருந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பழங்குடியினர். 2018-இல் தேசியத் தணிக்கை அலுவலகம், கேஷ்லெஸ் கார்டு சோதனையில் சமூகத் தீங்கு குறைந்ததா என்று முடிவுக்கு வர முடியாத அளவுக்குக் கண்காணிப்பும் மதிப்பீடும் போதவில்லை என்றது. இவற்றைச் சொல்லாமல் ஆதரவு கேட்டால் அது விவரம் அறிந்த சம்மதம் ஆகாது.

படி 7: பதிவும் பதிலும்

‘பெரும்பாலோர்’, ‘பலர்’ என்ற சொற்களுக்கு அறிக்கையில் தடை போடுங்கள். எத்தனை பேரைச் சந்தித்தோம், அதில் எத்தனை பேர் கார்டு வைத்திருப்பவர்கள், எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று எண்ணாகவே எழுதுங்கள். எதிர்ப்புக்குத் தனிப் பக்கம் வேண்டும். வரைவை அமைச்சருக்கு அனுப்புமுன் ஊருக்கு அனுப்புங்கள், எழுத்தாக மட்டுமல்ல, அவர்கள் மொழியில் ஒலிப்பதிவாகவும்.

முடிவான பின் ஆறு வாரத்துக்குள் மூன்றாம் பயணம். சொன்னது என்ன, செய்தது என்ன, செய்யாததற்குக் காரணம் என்ன என்று மூன்று பத்திகள். ‘ஏற்கவில்லை, ஏனெனில் செலவு அதிகம்’ என்று நேராக எழுதுங்கள். கடுமையான காரணத்தைக்கூட மக்கள் தாங்கிக்கொள்வார்கள். இந்தப் பத்தி காலியாக இருந்தால் அடுத்த முறை வாசலில் யாரும் நிற்கமாட்டார்கள்.

படி 8: மாறும் நாட்களைப் பற்றியும் கேளுங்கள்

திட்டத்தை நீக்குவதும் ஒரு மாற்றம்தான், அதற்கும் கருத்துக்கேட்பு உண்டு. கேஷ்லெஸ் கார்டை நீக்கும் சட்டம் 2022 செப்டம்பரில் நிறைவேறியது, அக்டோபர் 4 முதல் விரும்பியவர்கள் வெளியேற வழி திறந்தது, கார்டு நின்றது அடுத்த மார்ச்சில். இடைப்பட்ட ஐந்து மாதத்தில் 17,000-க்கும் மேற்பட்டோரின் கணக்குகள் கைமாற வேண்டியிருந்தது.

இங்கே உதைப்பது கொள்கை அல்ல, சின்ன விஷயங்கள். பழைய கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த வாடகை, தவணை, போன் கட்டணம் கார்டு மாறியவுடன் திரும்பிவிடும், தாமதக் கட்டணம் விழும். ஆகவே ஒவ்வொருவரிடமும் தானாகக் கழிக்கப்படும் கட்டணங்களின் பட்டியலை எடுத்து, சென்டர்பே (உதவித்தொகையிலிருந்தே கட்டணங்களை நேராகச் செலுத்தும் சென்டர்லிங்க் சேவை) வழியாகப் போகக்கூடியவற்றை மாற்றும் நாளுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பழைய கார்டின் மீதி எங்கே போகும், எத்தனை நாளில்? புதிய கார்டு தபாலில் வந்தால் யார் பெட்டிக்கு வரும்? தொலைதூர ஊர்களில் பலருக்கு ஒரே தபால் பை, அது கவுன்சில் அலுவலகத்திலோ கடையிலோ கிடக்கும். ரகசிய எண்ணைப் பதிவு செய்ய போன் வேண்டும். அந்தப் போனில் காசு இருக்க வேண்டும். வழக்கமான இரண்டு உதவித்தொகைத் தவணைகளுக்காவது பழையதும் புதியதும் சேர்ந்தே இயங்கட்டும், அந்த நாட்களில் ஊரிலேயே ஓர் அதிகாரி கணினியோடு உட்கார்ந்திருக்கட்டும். மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அதே குழுக்களிடம் அதே கேள்விகளோடு திரும்பப் போவதற்கான பணத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.